நடுகல்லே நம் நிலச்சான்று

ஒரு நிலத்தில் முன்னர் வாழ்ந்தவர் யார் என்று வழக்கு எழுமானால், வாயாற் சொல்லிய சான்று காற்றிற் போகும். தாளில் எழுதிய சான்று தீயில் வேகும். கல்லில் வெட்டிய சான்றே நிற்கும். அக்கல்லையும் நாமே உடைத்துக் கடைக்காலில் இட்டுவிட்டால், நாம் தோற்பதற்குப் பகைவர் எவரும் வேண்டியதில்லை. ஒசூர், மத்திகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் இன்று நடந்து வருவது அதுவே.

மத்திகிரி என்றதும் எவர்க்கும் நினைவில் எழுவது அங்குள்ள கால்நடைப் பண்ணை. கி.பி. 1824-இல் ஆங்கிலக் கும்பணியார் தம் படைக்குக் குதிரை வளர்க்கவென்று அதனைத் தொடங்கினர். 1600 குறுக்கத்துக்கு மேற்பட்டதாய் விரிந்த அப் புல்வெளியைக் காட்டி, இவ்வூரின் வரலாறே வெள்ளைக்காரனோடுதான் தொடங்கிற்று என்பார் உளர். 1970-களில் ஒசூர்க்குத் தொழிற்பேட்டை வந்தபின் பிறந்தவர்களோ, ஆலைச் சங்கின் ஓசைக்கு முன் இங்கு ஒன்றுமே இல்லை என்று எண்ணுகின்றனர். இரண்டும் பிழை. இம் மேட்டுநிலத்தின் புல்லையும் நீரையும் நாடி, வெள்ளையன் வருவதற்குப் பன்னூறு ஆண்டுகட்கு முன்னரே ஆநிரையோடு வந்து குடியேறிக் காடு திருத்தி ஊர் கண்டவர் நம் முன்னோர். மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் கொண்ட மக்கள் அவர்கள். அந்நிரையைக் கவர வந்தாரை எதிர்த்தும், கவர்ந்தாரிடமிருந்து மீட்டும் உயிர் கொடுத்தவர்க்கு ஊரார் எடுத்தவையே இப்பகுதி நடுகற்களுட் பல.

கல்லைக் காண்டல் முதலாக, நாள்கொள்ளல், நீராட்டல், நடுதல், படையலிடல், வாழ்த்தல் ஈறாக அச்செயலின் படிகளைத் தொல்காப்பியம் முறைப்படுத்திக் கூறுகிறது. இஃது ஏட்டுப் புனைவன்று. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் ‘ஆகோள்’ என்னும் நம் இலக்கணச் சொல்லே வெட்டப்பட்டுள்ளது. 1970-களில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் செங்கம், தருமபுரிப் பகுதிகளில் ஊர் ஊராய் நடந்து, வட்டெழுத்து நடுகற்களைத் தொகுத்து நூலாக்கினர். அரசனின் ஆட்சியாண்டு, நாடு, ஊர், பட்டவன் பெயர், பட்ட கரணியம் ஆகிய அத்தனையும் நான்கைந்து வரிகளுக்குள் அடங்கியிருக்கும். எடுத்தனூர்க் கல்லோ, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் எருமைகளைக் காத்து மாய்ந்த ஒருவனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற ‘கோவிவன்’ என்னும் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. நாயின் நன்றியையும் மறவாமல் கல்லில் எழுதிய மரபு நம்முடையது. அதன் வழிவந்த நாம் மாந்தனுக்கு எடுத்த கல்லையே மறந்து நிற்கிறோம்!

எல்லைப்புறத்தின் பழந்தமிழ்ச் சான்றுகள் இவ்வளவில் முடிவன அல்ல. ஒசூர்க் குன்றின்மேல் சந்திரசூடேசுவரர் என்று இன்று வழங்கும் இறைவனைக் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் செவிடை நாயனார் என்கின்றன. இந்நிலப்பகுதிக்கு முரசு நாடு என்று பெயர். கருநாடகத்திலிருந்து வந்த போசளருள் இராமநாதன் 13-ஆம் நூற்றாண்டில் குந்தாணியைத் தலைநகராக்கி ஆண்டபோது, இங்குக் கல்வெட்டுத் தமிழிலேயே வெட்டப்பட்டது. பெங்களூர், கோலார் வட்டாரங்களிலும் தமிழ்க் கல்வெட்டுகள் மிகப் பல உள. 1905-இலேயே இரைசு என்னும் ஆங்கிலேயர் அவற்றைத் தொகுத்து அச்சிட்டார். இவற்றினும் முற்பட்டவை மல்லச்சந்திரத்துக் கற்றிட்டைகள். அவற்றைப் பாண்டவர் வீடு என்று வடவர் கதையில் ஏற்றிவிட்டு அமைந்தோம். கிருட்டிணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் அகவை ஏறத்தாழ 4200 ஆண்டு என்று 2022-இல் அறிவிக்கப்பட்டபோது கைதட்டினோம், மறுநாள் மறந்தோம்.

இனி ஒன்றை நேர்மையோடு சொல்லுதல் வேண்டும். இப்பகுதிக் கற்கள் எல்லாம் தமிழ்க் கற்கள் அல்ல. நுளம்பர் காலத்துக் கன்னடக் கற்களும் உள. அவற்றையும் காத்தல் நம் கடனே. உண்மைக்கு அஞ்சுவது தமிழ்ப்பற்று ஆகாது. கன்னடரைப் பாருங்கள். பெங்களூர் எப்பாள் பகுதியில், கி.பி. 750-ஐ ஒட்டிய கிட்டய்யன் என்பானின் நடுகல்லை அவ்வூர்ப் பொதுமக்களே மீட்டு மண்டபம் எடுத்தனர். தம் நகரத்துக் கற்களைத் தேடித் தேடிப் படியெடுத்து வருகின்றனர். அவற்றுள் தமிழ்க் கற்களும் அடக்கம். நாமோ எல்லையைப் பற்றி மேடையில் முழங்குகிறோம். எல்லையில் நிற்கும் கல்லைத் துவைகல் ஆக்குகிறோம்.

சில ஆண்டுகட்கு முன் ஒசூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஏரிக்கரைக்கு மாணவர் நால்வரை அழைத்துச் சென்றோம். வில்லும் குறுவாளும் ஏந்திய மறவன் உருவம், காலடியில் ஆநிரை, மேலே தேய்ந்த எழுத்துகள். கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த மூதாட்டி, “இவர் வேடியப்பன் ஐயா, எங்கள் மாடு கன்று போட்டால் முதற்பால் இவருக்குத்தான்” என்றார். எழுத்தறியாத அந்த அம்மையார் கல்லின் பொருளை அறிந்திருந்தார். மாணவருள் ஒருவன் ‘பட்டான்’ என்னும் சொல்லை விரலால் தடவித் தடவிப் படித்துவிட்டுத் துள்ளினான். மறு ஆண்டு சென்றபோது அந்நிலம் வீட்டுமனைகளாய்ப் பிரிக்கப்பட்டிருந்தது. மனைக்கு மனை வெள்ளை பூசிய புதுக்கற்கள், பழங்கல்லைக் காணோம். கேட்டதற்கு, சாலைக்குச் சரளை கொட்டியபோது போயிருக்கும் என்றார்கள். உடைத்தவர் பிறமொழியார் அல்லர், நம்மவரே.

தமிழ்நாட்டில் 1966-ஆம் ஆண்டே தொல்சின்னங்களைக் காக்கச் சட்டம் வந்தது. ஆயினும் அரசின் பட்டியலில் ஏறிய இடங்களுக்கே அதன் காவல் உறுதியாய்க் கிட்டும். ஏரிக்கரையிலும் புன்செய் வரப்பிலும் கிடக்கும் கல்லுக்கு ஊராரே காவல். தொழில் வளர்வதை நாம் தடுக்கவில்லை. நம் பிள்ளைகட்கும் வேலை வேண்டும். ஆனால் ஒசூர் 2019-இல் மாநகராட்சியாகிவிட்டது. மத்திகிரியும் அதனுள் அடங்கிவிட்டது. நிலத்தின் விலை ஏற ஏறக் கல்லின் வாழ்நாள் குறைகிறது.

ஆகலின் அன்பர்கள் செய்யவேண்டுவன மூன்று. ஊர்தோறும் உள்ள கற்களை எண்ணி, இடத்தையும் அடையாளத்தையும் குறித்து, படம் எடுத்துக் கிருட்டிணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் எழுதுங்கள். எழுத்தின்மேல் வண்ணமும் பைஞ்சுதையும் பூசவேண்டாவென வழிபடுவோரிடம் பணிவாய்ச் சொல்லுங்கள். வழிபாட்டைத் தடுக்காதீர்கள், அக்கல்லை இதுவரை காத்தது அதுவே. தமிழாசிரியர்கள் ஆண்டுக்கு ஒருநாளேனும் மாணவரைக் கல்லின்முன் நிறுத்தி வட்டெழுத்துப் படிக்கப் பழக்குங்கள்.

மாட்டுக்காக உயிர் கொடுத்தவன் ஆயிரம் ஆண்டாக வெயிலிலும் மழையிலும் நம் எல்லையில் நிற்கிறான். அவனுக்கு நாம் உயிர் கொடுக்க வேண்டா. நிற்க ஓர் அடி நிலம் கொடுத்தாற் போதும்.