சத்திரம் வேண்டாம், முகவரி வேண்டும்!

இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, உலகெங்கிலுமிருந்து வரும் அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இந்தியா என்ன தர்மசத்திரமா என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் கேட்டது. கடுமையான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அகதிகள் அல்லர். சத்திரத்தில் தங்க வேண்டுமென்று அவர்கள் கேட்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்களைச் சத்திரத்திலேயே வைத்திருப்பது சர்க்காரின் ஏற்பாடு.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து தமிழகம் வந்த இலங்கைத் தமிழர்கள் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். பலர் திரும்பிப் போய்விட்டார்கள். எஞ்சியோரில் 58,822 பேர் 108 முகாம்களில் இருப்பதாக 2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டசபையில் கணக்குத் தந்தது. அப்போதே 317 கோடி ரூபாய்த் திட்டத்தையும், 7,469 புதிய வீடுகளையும் அறிவித்தது. குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,500 ரூபாயாக உயர்ந்தது. முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றப்பட்டது. இவையெல்லாம் பாராட்டுக்குரியவை.

எனினும் பெயர் மாறியதால் முகாம் ஊராகிவிடாது. பெயர் கூப்பிடும் நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பணம் நிற்கும். வெளியூரில் தங்கி வேலை பார்க்க அதிகாரியின் அனுமதி வேண்டும். பட்டப்படிப்பு முடித்த பிள்ளையும் தகப்பனாரைப் போலவே பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு தினக்கூலிக்குப் போகும் நிலை. முகாமிலேயே பிறந்து, முகாமிலேயே மணமாகி, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்களை இன்னும் வந்தவர்கள் என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?

இதனினும் கொடியது சிறப்பு முகாம். பெயரில்தான் சிறப்பு, திருச்சியில் அது இருப்பதே மத்தியச் சிறை வளாகத்தில். ஜாமீன் பெற்றவரும் தண்டனை முடிந்தவரும்கூட அங்கே வைக்கப்பட்டிருக்கிறார்கள். ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தவர்களில் நால்வர் இலங்கையர். அவர்கள் சிறையிலிருந்து நேரே சென்றது இந்த முகாமுக்கு. ஒருவர் தாயகம் திரும்பக் காத்திருந்தபடியே 2024 பிப்ரவரியில் சென்னை மருத்துவமனையில் காலமானார். மற்ற மூவரும் அந்த ஏப்ரலில்தான் இலங்கை செல்ல முடிந்தது. அவர்கள் செய்ததாகத் தீர்ப்பான குற்றத்தைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், கோர்ட்டு திறந்த கதவை ஓர் அலுவலக உத்தரவு மறுபடி பூட்டலாமா என்பது தனிக் கேள்வி.

முகாமை விட்டால் வேறு வழி என்ன என்று கேட்பவர்களுக்கு அதே சட்டசபைக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 34,087 பேர் போலீஸில் பதிவு செய்துகொண்டு, முகாமுக்கு வெளியே சொந்தப் பொறுப்பில் வாழ்ந்து வந்தார்கள். அதாவது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் தேசத்துக்கு எந்த ஆபத்தும் வந்துவிடவில்லை. ஒருவருக்குப் போதுமான இந்த ஏற்பாடு மற்றவருக்கு ஏன் போதாது?

கேரளத்திலேயே இன்னோர் உதாரணம் உண்டு. 1964-ம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்காக மத்திய, கேரள அரசுகள் சேர்ந்து 1976-ல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனியைத் தொடங்கின. குளத்துப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. அவர்கள் இந்தியப் பிரஜைகளாக வந்தவர்கள் என்பது உண்மையே. ஆனால் இன்று முகாம்களில் இருப்போரிலும் கணிசமானோர் அதே மலையகத் தமிழர்கள்தான். முந்திய கப்பலில் வந்தவருக்கு ரப்பர் தோட்டம், பிந்திய படகில் வந்தவருக்கு முகாம். கர்நாடகத்தில் பைலகுப்பேயில் திபெத்தியர்களுக்கு நிலம் குத்தகைக்குக் கொடுத்து, அவர்கள் உழுது பிழைக்க வழி செய்ததும் இதே இந்தியாதான்.

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம், மணக்காடு, சாலை வட்டாரங்களில் குடியிருக்கும் தமிழ்த் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் முகவரியின் அருமையை விளக்க வேண்டியதில்லை. நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் வண்டியேறி வந்தவர்கள், வாடகைக்கு ஓர் அறை கிடைக்க யார் ஜாமீன் சொல்வார் என்று அலைந்தவர்கள். அந்த அறை கிடைத்த பின்னரே ரேஷன் கார்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும், பாங்குக் கணக்கும் ஒவ்வொன்றாக வந்தன. யாரும் அவர்களுக்கு மாதப்படி கொடுத்து முன்னேற்றவில்லை. பிழைப்பு இருக்கும் ஊருக்குப் போகலாம் என்ற உரிமையே அவர்களை முன்னேற்றியது. மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் இருப்பவர் கேட்பதும் அதைத்தான்.

சட்டம் முற்றிலும் குறுக்கே நிற்பதாகச் சொல்ல முடியாது. 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆயினும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான அரசியல் சாசனப் பாதுகாப்பு அந்நியருக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் சக்மா அகதிகள் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. 2019-ம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழர்களை விட்டுவிட்டது. ஆனால் 2015 ஜனவரி 9-ந் தேதி வரை அடைக்கலம் புகுந்து பதிவு செய்துகொண்டவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. ஓர் அடி எடுத்து வைத்தாயிற்று. அடுத்த அடியை வைக்கத் தயக்கம் ஏன்?

பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் நீண்டகாலத் தங்கும் அனுமதியும், இந்தியாவில் எங்கும் வேலை செய்யும் உரிமையும் தரப்பட வேண்டும். இங்கே பிறந்தவர்களுக்கும் மலையக வம்சாவளியினருக்கும் பிரஜாவுரிமை வழங்க வேண்டும். திரும்பிப் போக விரும்புவோருக்கு உதவி வேண்டும், நிர்ப்பந்தம் கூடாது. சிறப்பு முகாமை மூட வேண்டும். குற்றம் செய்தவர் மீது வழக்குத் தொடுக்கச் சட்டம் இருக்கிறது. கண்காணிக்க வேண்டியவரை வாரம் ஒருமுறை ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொன்னால் போதும்.

தமிழக எம்.பி.க்கள் மட்டும் பேசினால் இது மாநிலக் கோரிக்கையாகவே நின்றுவிடும். கேரளத் தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கக் கிளைகளும் இங்குள்ள எம்.பி.க்களிடம் மனுக் கொடுத்து, நாடாளுமன்றத்தில் கேட்கச் செய்ய வேண்டும். பிழைக்க வந்த ஊரில் காலூன்றியவர்களுக்கே இது பற்றிப் பேச அதிக உரிமை உண்டு.