ஓடுபாதைக்கு முன்னால் காணி உறுதி

மலையகத்துக்கு விமான நிலையம் வேணுமா, வேணாமா? இப்படிக் கேட்கிறவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யார் குடியிருக்கிற காணியில்?

இந்தப் பேச்சு புதுசு இல்லை. நுவரெலியா, பதுளை, கண்டி என்று ஊர்ப் பெயர் மாறி மாறி வரும். கொஞ்ச நாள் பத்திரிகையில் ஓடும், பிறகு அடங்கும், யாராவது மறுபடி கிளப்புவார்கள். சொல்லப்படும் காரணங்களும் நமக்குப் பாடம். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ரோட்டில் வர ஐந்தாறு மணித்தியாலம் ஆகுது. விமானம் வந்தால் சுற்றுலாப் பயணி வருவான், ஹோட்டல் வரும், நம்ம பிள்ளைகளுக்கு வேலை வரும், மரக்கறி வெளிநாட்டுக்குப் போகும், அவசர நோயாளியைக் காப்பாற்றலாம். இதெல்லாம் சுத்தப் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் ஒரு இடத்திலும் லயத்தில் இருக்கிறவர் வரமாட்டார். அதுதான் எங்கள் பிரச்சினை.

விமானத்தின் மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது. எத்தனையோ தோட்டங்களில் முதன்முதலாகப் பிளேன் ஏறியது, குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டு வேலைக்குப் போன ஒரு அம்மாதான். 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்த பிறகு, எங்கள் அக்காமார் அதே ஊருக்குத் தையல் மெஷினில் உட்காரப் போனார்கள். அதற்கு முந்தின தலைமுறைக்குக் கப்பல். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி முடிவான சனம் ரயிலில் தலைமன்னார் போய்க் கப்பல் ஏறியது. எங்களை ஏற்றி அனுப்புவதற்கு இந்த நாட்டில் போக்குவரத்து வசதி எப்போதும் இருந்திருக்கிறது. இறங்கி இருப்பதற்குச் சொந்தமாக ஒரு துண்டுக் காணி மட்டும்தான் இல்லை.

மலையகத்தில் விமானம் இன்னும் இறங்கவில்லை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. ஏற்கனவே இறங்கியாச்சு. 2013இல் சேவை தொடங்கிய சினமன் எயார் நிறுவனத்தின் விமானங்கள் நீரிலும் இறங்கக்கூடியவை. அவை இறங்கிய இடங்களில் காசல்ரீ நீர்த்தேக்கமும் ஒன்று. கரையைச் சுற்றியுள்ள பழைய துரைமார் பங்களாக்கள் சில இன்று ஆடம்பர ஹோட்டல்கள். விருந்தாளி தண்ணீரில் இறங்கி நேரே பங்களாவுக்குப் போய்விடலாம். அந்தப் பங்களாவைச் சுற்றியுள்ள மலைகளிலோ, நோயாளியைக் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போகிற தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. ஒரே மலையில் இரண்டு வேகம். ஓடுபாதை போட்டால் இந்த இடைவெளி குறையும் என்று நம்ப எங்களுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அந்தத் தண்ணீருக்கும் ஒரு கதை உண்டு. மின்சாரத்துக்காக 1965இல் காசல்ரீ அணை வந்தது, 1969இல் மவுசாகலை அணை வந்தது. பழைய மஸ்கெலியா டவுன் மவுசாகலைத் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சி வரும் வருஷங்களில் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும், நாமும் போய் போட்டோ எடுத்துக்கொண்டு வருவோம். அபிவிருத்தி என்ற பெயரில் ஊர் மறைவது மலையகத்துக்குப் புதுசா என்ன?

இப்போது காணிக்கு வருவோம். 1972லும் 1975லும் நடந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு வந்தது, பிறகு நீண்டகாலக் குத்தகையாக மாறியது. காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, லயம் தோட்டத்துடையது. 200 வருஷமாக அந்த மண்ணில் வியர்வை சிந்தியவருடையது எது? செக்ரோலில் ஒரு பேர்.

ஊரில் ஒருவருடைய காணியை விமான நிலையத்துக்கு எடுக்கணும் என்றால் 1950ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் இருக்கிறது. அறிவித்தல் ஒட்டணும், ஆட்சேபம் கேட்கணும், உரித்தை விசாரிக்கணும், நட்டஈடு கொடுக்கணும். அந்தச் சட்டம் நியாயமாக நடக்குதா என்பது வேற விஷயம். ஆனால் தோட்டக் காணி ஏற்கனவே அரசாங்கத்தின் காணி. தன் காணியைத் தானே சுவீகரிக்க வேண்டிய தேவை அரசாங்கத்துக்கு இல்லை. கம்பனியோடு மேசையில் உட்கார்ந்து குத்தகையைத் திருத்தினால் போதும். நட்டஈடு என்று ஒன்று வந்தாலும் அதைக் கேட்டுப் போகக்கூடிய முதல் ஆள் கம்பனிதான். லயத்துக்காரருக்கு என்ன கிடைக்கும் என்பது அன்றைய அமைச்சரின் மனசைப் பொறுத்தது.

மேல்கொத்மலைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 150 மெகாவோட் மின்சாரம், ஜப்பான் கடன், 2012இல் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலைப் பக்கத்தில் சுமார் 500 குடும்பங்கள் இடம் மாறின. மாற்று வீடு கட்டிக் கொடுத்தார்கள், அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அது அந்தத் திட்டத்துக்கு மட்டும் செய்துகொண்ட ஏற்பாடு. அடுத்த திட்டத்தில் இன்னொரு தோட்டத்துச் சனம் அதைக் காட்டி “எங்களுக்கும் இது உரிமை” என்று கோர்ட்டுக்குப் போக முடியாது. 2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட கட்டாய மீள்குடியேற்றக் கொள்கை, உறுதி இல்லாதவர்களையும் நியாயமாக நடத்தணும் என்று சொல்கிறது. நல்ல வார்த்தைதான். ஆனால் அது கொள்கை. சட்டம் இல்லை.

உறுதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்பீர்கள். ஆகாது. பலாலியைப் பாருங்கள். வலிகாமம் வடக்கில் இருந்து 1990இல் சனம் இடம்பெயர்ந்தது. 2013இல் அங்கே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது, நவம்பரில் சென்னை விமானம் வந்தது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்து இறங்குவதில் யாழ்ப்பாணத்தவருக்கு இருக்கும் சந்தோஷம் உண்மையானது. தன் காணிக்குள் இன்னும் கால் வைக்க முடியாதவரின் வலியும் உண்மையானது. கடலுக்கு அந்தப் பக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூர். 2022இல் அறிவித்த விமான நிலையத்துக்கு 5,000 ஏக்கருக்கு மேல் வேணுமாம். ஏகனாபுரம் சனம் ஏரியையும் வயலையும் விடமாட்டோம் என்று கிராமசபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டு எதிர்த்து நிற்கிறார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அறிவித்தல் ஒட்டப்பட்டதால் வலிகாமத்துக்காரர் நீதிமன்றம் போனார். ஏகனாபுரத்துக்காரர் கையில் பட்டா இருக்கு, பேசுவதற்கு ஒரு கிராமசபை இருக்கு. உறுதி உள்ளவனே இவ்வளவு போராட வேண்டியிருக்கு என்றால், உறுதியே இல்லாதவன் எங்கே போய் நிற்பான்? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் 2018இல் திருத்தப்படும் வரை, தோட்டத்துக்குள் ஒரு ரோட்டைப் போடக்கூடப் பிரதேச சபைக்குத் தடை இருந்தது. வோட்டுக்கேட்டு வரலாம், ரோடு போட முடியாது.

“அபிவிருத்திக்கு நீங்க எதிரியா?” இந்தக் கேள்வி எங்களுக்குப் பழகிவிட்டது. சரி, அபிவிருத்திக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 2013 மார்ச் 18ஆம் திகதி மத்தளையில் ஒரு விமான நிலையம் திறந்தார்கள். செலவு 20 கோடி டொலருக்கு மேல், பெரும்பகுதி சீனக் கடன். வருஷத்துக்கு பத்து லட்சம் பயணிகள் என்று திட்டம். பயணி வரவில்லை, யானையும் பறவையும்தான் வந்தன. கடைசியில் சரக்குக் கட்டிடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். அந்தக் கடனைக் கட்டும் சனத்தில், 2024இல் 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்துக்காகப் போராடிய தோட்டத் தொழிலாளியும் ஒருவர். கடையில் சவர்க்காரம் வாங்கும்போதெல்லாம் வரி கட்டுகிறாரே.

மத்தளை சமநிலம். மலையகம் அப்படி இல்லை. நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கு. அந்த உயரத்தில் காற்று மெலிசு, அதனால் ஒரே விமானம் எழும்புவதற்குக் கீழ்நாட்டைவிட நீளமான ஓடுபாதை வேணும். பனிமூட்டமும் மழையும் தனிக் கணக்கு. 1.5 கிலோமீட்டர் நீளம், பாதுகாப்பு வெளியோடு சேர்த்து 150 மீட்டர் அகலம் என்று மிகவும் குறைத்துப் பார்த்தாலும் 55 ஏக்கர் தாண்டுது. கட்டிடம், பாதை, வாகனத் தரிப்பிடம் இதில் சேரவில்லை. ஒரு ஏக்கர் 160 பேர்ச்சஸ். குடும்பத்துக்கு 10 பேர்ச்சஸ் என்றால் 55 ஏக்கரில் 880 வீட்டுக் காணி.

880 குடும்பத்துக்குக் காணி கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வருதென்று. “பாதுகாப்பான சமநிலம் இல்லை” என்பார்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து இருக்கு என்று அதிகாரிகள் அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, போவதற்கு இடம் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகமெங்கும் மண் சரிந்தது, ரோடு அறுந்தது, தோட்டங்கள் தனித்துப் போயின. ஒவ்வொரு சரிவுக்குப் பிறகும் சனம் பாடசாலையில், கோயில் மண்டபத்தில் படுத்துக்கொண்டு கேட்பது, சரியாத ஒரு துண்டு நிலம். ஓடுபாதை கேட்பதும் அதே நிலத்தைத்தான்: சமமான, உறுதியான, ரோட்டுக்குக் கிட்டவான நிலம். வீட்டுக்குக் கேட்டால் இல்லாத நிலம் விமானத்துக்குக் கேட்டால் எங்கிருந்து வரும்? அப்படி ஒரு நிலம் இருக்கு என்றால், அதைப் பெறும் வரிசையில் முதலில் நிற்கிறவர் யார்?

நோயாளிக்காக என்கிறார்கள். நோயாளிக்கு வேணும் என்றால் முதலில் 1990 அம்பியூலன்ஸ் லயத்து வாசல் வரை வரக்கூடிய ரோடு வேணும். அதற்கு மேல் அவசரம் என்றால் ஹெலிகொப்டர் இறங்க ஒரு விளையாட்டு மைதானம் போதும். மரக்கறிக்காக என்கிறார்கள். கரட்டும் லீக்ஸும் லொறியில் நசுங்கிப் போகுது என்றால் குளிர்க் களஞ்சியம் கட்டுங்கள், நல்ல பெட்டி கொடுங்கள். அதற்குப் பிளேன் எதுக்கு?

எது முதலில், எது பிறகு என்பதில் ஆட்சியாளர்களின் மனசு எப்படி ஓடும் என்பதற்கு ஒரு நாள் சாட்சி. 2017 மே 12. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பு வெசாக் விழாவில், ஆகஸ்டிலிருந்து கொழும்புக்கும் வாரணாசிக்கும் நேரடி விமானம் என்று அறிவித்தார். அதே நாள் நோர்வூட்டில் எங்கள் சனத்தின் முன்னால் 10,000 வீடு என்று அறிவித்தார். விமானத்துக்கு மாதம் சொன்னார்கள். அந்த வீட்டுத் திட்டத்தின் முதல் கட்டத்துக்கு அடிக்கல் வைத்தது 2024இல். எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த நாடு காசு தந்தாலும் இந்த வரிசை மாறவில்லை.

ஆகவே வரிசையை மாற்றச் சொல்கிறோம்.

ஒன்று, தோட்டக் காணியில் எந்தப் பெரிய திட்டத்துக்கும் அளவுக்கல் நடுவதற்கு முன்னால், அங்கே குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பதிவு செய்த காணி உறுதி கையில் வரணும். கணவன், மனைவி இரண்டு பேர் பேரிலும். விழா மேடையில் கொடுத்துப் போட்டோ எடுக்கும் தாள் வேணாம், வங்கியும் நீதிமன்றமும் ஏற்கும் உறுதி வேணும்.

இரண்டு, 2001 கொள்கையைச் சட்டமாக்கணும். உறுதி இல்லாமல் குடியிருப்பவரும் பாதிக்கப்பட்டவர்தான் என்று சட்டம் சொல்லணும்.

மூன்று, 100 குடும்பத்துக்கு மேல் இடம் மாற்றும் திட்டத்துக்குச் சுற்றாடல் அறிக்கை வைக்கணும் என்பது ஏற்கனவே இருக்கும் சட்டம். பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் இருக்கு. அந்த அறிக்கை முழுக்கத் தமிழில் வரணும். தோட்டத்து ஆபீஸிலும் கோயிலிலும் பாடசாலையிலும் வைக்கணும். வேலை நேரத்துக்கு வெளியே கூட்டம் போட்டு விளக்கணும். ஒரு நாள் பேரை இழந்து கூட்டத்துக்கு வா என்று கொழுந்து பறிக்கும் அம்மாவிடம் சொல்வது கருத்துக் கேட்பு ஆகாது.

நான்கு, சரிவு அபாயம் என்று அடையாளம் காணப்பட்ட லயங்களில் இருக்கும் குடும்பங்களுக்குத்தான் சமநிலத்தில் முதல் இடம். அவர்கள் எல்லாரும் இறங்கிக் குடியேறிய பிறகு மிச்சம் இருந்தால் ஓடுபாதை பற்றிப் பேசுவோம்.

இதை வாசிக்கும் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. உங்கள் தோட்டத்தில் எத்தனை வீட்டில் உறுதி இருக்கு, எத்தனை வீட்டில் வெறும் கடிதம் இருக்கு, எத்தனை வீட்டில் ஒன்றும் இல்லை என்று டிவிசன் வாரியாக எழுதி எடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், ஒரு கொப்பி போதும். தகவலறியும் சட்டம் 2016இலிருந்து இருக்கு. உங்கள் தோட்டக் காணியில் என்னென்ன திட்டம் இருக்கு என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பதிலை ஊருக்கு வாசித்துக் காட்டுங்கள். நாளைக்கு மஞ்சள் ஜெக்கெட் போட்ட ஒருவர் வந்து தேயிலைக்கு நடுவில் கல் நட்டால், “இது எதுக்கு சேர்?” என்று கேட்க அந்தக் கொப்பியோடு பத்துப் பேராவது அங்கே நிற்கணும்.