டேப்லெட் போதாது

கிளை நூலகங்களுக்குக் கணினி எதற்கு, டேப்லெட் மலிவாயிற்றே என்று வாதிடுகிறார்கள். அங்கே வருகிறவர்களின் வேலையைப் பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்துக்குப் படத்தையும் கையொப்பத்தையும் கேட்ட அளவுக்குச் சுருக்கி ஏற்ற வேண்டும், தமிழ்99 தட்டச்சு பழக வேண்டும், அச்செடுக்க வேண்டும். தொடுதிரையில் இவை பெரும்பாடு. பேட்டரி உப்பினால் டேப்லெட் பெரும்பாலும் குப்பைக்குத்தான். மேசைக் கணினியில் பழுதான மவுஸை மட்டும் மாற்றலாம், ரேம் கூட்டலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது; அதனால் அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கணினிகளில் எஸ்எஸ்டி பொருத்தி லினக்ஸ் நிறுவினால் இன்னும் பல ஆண்டு உழைக்கும். லிப்ரே ஆபிஸ் இலவசம். பார்வையற்றோருக்கான ஓர்கா திரைவாசிப்பானும் இலவசம். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆகவே உங்கள் ஊர் நூலகத்தில் விசைப்பலகையுள்ள கணினியைக் கேட்டு வாங்குங்கள்.