சாவடி போனது, கடவுச்சொல் வந்தது: கேரள எல்லை வணிகத்தில் இ-வே பில் பாதுகாப்பு எழுப்பும் கேள்விகள்

பாலக்காடு: தமிழகத்திலிருந்து கேரளத்துக்குச் செல்லும் சரக்குகளின் முதன்மை நுழைவாயில் வாளையாறு. அங்குள்ள வணிகவரிச் சாவடியின் முன் லாரிகள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த காலம், 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த பின்னர் முடிவுக்கு வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையே கொண்டு செல்லப்படும் சரக்குகளுக்கு இ-வே பில் கட்டாயமாக்கப்பட்டது. சாலையில் நடந்த சோதனையின் பெரும்பகுதி இப்போது கணினியில் நடக்கிறது. தடுப்புக் கம்பி இருந்த இடத்தில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நிற்கின்றன.

அந்தக் கணினி வாயிலுக்கு இரண்டாவது பூட்டும் போடப்பட்டுள்ளது. ஆண்டு விற்றுமுதல் ரூ.20 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கு 2025 ஜனவரி 1 முதலும், ரூ.5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்குப் பிப்ரவரி 1 முதலும், மற்ற அனைவருக்கும் ஏப்ரல் 1 முதலும் இரட்டை உறுதிப்பாடு கட்டாயமானது. கடவுச்சொல்லுடன் ஓடிபி எண்ணையும் அளித்தால் மட்டுமே தளத்துக்குள் நுழைய முடியும். பெரு நிறுவனங்களுக்கு இது புதிதல்ல. பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் தொழில் செய்யும் சிறு வணிகர்களுக்கோ, கடவுச்சொல்லை யாரிடம் கொடுத்து வைப்பது என்ற பழைய பழக்கத்தையே இது கேள்விக்கு உள்ளாக்கியுள்ளது.

ஏலக்காய்ச் சந்தையின் கணக்கு

இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏல மையங்கள் இயங்குகின்றன. விளைச்சல் பெரும்பாலும் மலையின் மேற்கே. வணிகத்தின் பெரும்பங்கு கிழக்கே. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகள் இரண்டையும் இணைக்கின்றன.

ரூ.50,000-க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் தேவை. தமிழகச் சந்தைகளிலிருந்து கேரளம் செல்லும் புதிய காய்கறிகளுக்கு வரி இல்லை. இ-வே பில்லும் தேவையில்லை. ஏலக்காயின் நிலை வேறு. கிலோ ரூ.2,500 என்று வைத்துக்கொண்டால், 20 கிலோவிலேயே அந்த வரம்பு எட்டப்பட்டுவிடும்.

தவறினால் விலை அதிகம். ரூ.5 லட்சம் மதிப்புள்ள ஏலக்காய்க்கு 5 சதவீத வரி ரூ.25,000. உரிய ஆவணம் இன்றி வழியில் பிடிபட்டால், உரிமையாளர் முன்வந்து பொறுப்பேற்கும் நிலையில், வரியைப் போல இரு மடங்கு, அதாவது ரூ.50,000 அபராதம் செலுத்த வேண்டும். உரிமையாளர் முன்வராவிட்டால் சரக்கு மதிப்பில் பாதி அல்லது வரியின் இரு மடங்கு, இவற்றில் எது அதிகமோ அது அபராதமாகும். மேற்கண்ட சரக்குக்கு அது ரூ.2.5 லட்சம். சிறு வணிகர் ஒருவருக்கு இது ஒரு பருவத்தின் ஆதாயத்தையே விழுங்கக்கூடிய தொகை.

நுழைவது வேறு, செய்வதற்கு உரிமை பெறுவது வேறு

கணினிப் பாதுகாப்பில் இரண்டு கேள்விகள் தனித்தனியே கேட்கப்படுகின்றன. வந்திருப்பவர் யார் என்பது முதல் கேள்வி. அவர் எதைச் செய்யலாம் என்பது இரண்டாவது. கடவுச்சொல்லும் ஓடிபியும் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகின்றன. இரண்டாவது கேள்விக்கு விடை தருவது, ஒவ்வொரு பயனருக்கும் வகுக்கப்பட்டுள்ள பொறுப்பு.

இ-வே பில் விதிகளில் இந்தப் பொறுப்புப் பிரிவினை தெளிவாகவே உள்ளது. பில்லை உருவாக்கியவர் 24 மணி நேரத்துக்குள் அதை ரத்து செய்யலாம். வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் ரத்து செய்ய இயலாது. லாரி பழுதாகிச் சரக்கு வேறு வண்டிக்கு மாற்றப்பட்டால், போக்குவரத்து நிறுவனம் வண்டி எண்ணைத் திருத்தலாம். தம் பெயரில் தமக்குத் தெரியாத பில் பதிவாகியிருந்தால், எதிர்த்தரப்பு வணிகர் 72 மணி நேரத்துக்குள் நிராகரிக்கலாம். அதற்குள் சரக்கு வந்து சேராத நிலையில் வாளாவிருந்தால் அவர் ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். வரி அதிகாரி பில்லைச் சரிபார்த்து அறிக்கை பதிவு செய்யலாம்.

ஒரே ஆவணத்தின் மீது நான்கு தரப்பினர் கை வைக்கின்றனர். ஆயினும் ஒருவரின் அதிகாரம் மற்றவருக்கு இல்லை. இந்த வரம்புகளைக் கணினி நிரல் ஒவ்வொரு முறையும் பரிசோதித்தால்தான் விதி உயிர்பெறும். திரையில் ‘ரத்து’ பொத்தானை மறைத்துவிட்டால் போதும் என்று கருதும் தளம் பாதுகாப்பானதன்று. பொத்தான் இல்லாமலே கோரிக்கையை நேரடியாக அனுப்பத் தெரிந்தவர்கள் உண்டு. எனவே பொறுப்பைச் சரிபார்க்கும் வேலை, திரைக்குப் பின்னால் உள்ள சேவையகத்தில் நடக்க வேண்டும்.

டோக்கன் செய்யும் வேலை

இன்றைய பெரிய தளங்கள் பல, ஒரே பெரும் நிரலாக அல்லாமல் தனித்தனிச் சிறு சேவைகளாகக் கட்டப்படுகின்றன. மைக்ரோசர்வீஸ் எனப்படும் இம்முறையில் நுழைவைக் கவனிப்பது ஒரு சேவை, ஆவணம் உருவாக்குவது மற்றொன்று, குறுஞ்செய்தி அனுப்புவது வேறொன்று. ஒவ்வொரு சேவையும் பயனரிடம் கடவுச்சொல் கேட்டால், அது பல இடங்களில் கசியும் வாய்ப்பு பெருகும்.

இதற்கான தீர்வே டோக்கன். நுழைவுச் சேவை மட்டும் கடவுச்சொல்லைச் சரிபார்க்கிறது. பின்னர், வந்தவர் யார், அவர் பொறுப்பு என்ன, எதுவரை செல்லுபடியாகும் என்ற மூன்றையும் எழுதி, மின்னணுக் கையொப்பமிட்டு ஒரு டோக்கனைக் கொடுக்கிறது. மற்ற சேவைகள் கையொப்பத்தைப் பார்த்து நம்புகின்றன. இடையில் யாரேனும் ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது.

லாரி ஓட்டுநர் கையில் இருக்கும் இ-வே பில்லே இதற்குப் பொருத்தமான ஒப்புமை. அவரிடம் முதலாளியின் கடவுச்சொல் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. குறிப்பிட்ட சரக்குக்கு, குறிப்பிட்ட வண்டிக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் ஓர் எண் அவரிடம் உள்ளது. சாதாரண சரக்கு வண்டிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது 2021 முதல் உள்ள கணக்கு. அந்த எண் தொலைந்தாலும் ஒரு பயணத்தின் விவரமே வெளியாகும். கடவுச்சொல் தொலைந்தால் வணிகம் முழுவதும் பிறர் கைக்குப் போகும்.

டோக்கனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கையொப்பமிட்டு வழங்கிய பின், காலம் முடியும் வரை அதைத் திரும்பப் பெறுவது எளிதன்று. திருடியவர் கையிலும் அது செல்லும். ஆகவேதான் ஆயுளைக் குறைத்து வைக்கின்றனர். நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் இ-வே பில் தளத்துடன் நேரடியாக இணைவதற்கு வழங்கப்படும் டோக்கனின் ஆயுள் 6 மணி நேரம். அதன் பின்னர் மென்பொருள் மீண்டும் தன்னை நிரூபித்தாக வேண்டும்.

ஒரே கடவுச்சொல், பல கைகள்

விதியும் நிரலும் சரியாக இருந்தாலும், நடைமுறையில் ஓட்டை விழுவது கடையின் கல்லாப்பெட்டி அருகில்தான். முதலாளியின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கணக்கரிடம் இருக்கும். வரி ஆலோசகரின் அலுவலகத்தில் இருக்கும். லாரி புக்கிங் அலுவலகத்திலும் ஒரு துண்டுச் சீட்டில் இருக்கும். வேலையை விட்டுச் சென்றவருக்கும் அது நினைவில் இருக்கும். அந்தக் கடவுச்சொல்லைக் கொண்டு யாரோ உருவாக்கும் பில்லுக்கு விளக்கம் கேட்டு வரும் நோட்டீஸ், பதிவுச் சான்றிதழில் பெயர் உள்ளவருக்கே வரும்.

இதற்கான மாற்று அதே தளத்தில் உள்ளது. முதன்மைக் கணக்கு வைத்திருப்பவர் துணைப் பயனர்களை உருவாக்கி, ஒருவருக்குப் பில் உருவாக்கும் உரிமையையும், மற்றொருவருக்கு நிராகரிக்கும் உரிமையையும் மட்டும் தனித்தனியே வழங்க முடியும். இரட்டை உறுதிப்பாட்டு முறையில் ஒவ்வொரு துணைப் பயனருக்கும் அவரவர் கைப்பேசி எண்ணுக்கே ஓடிபி செல்லும். யார் எப்போது நுழைந்தார் என்பது அவரவர் பெயரில் பதிவாகும். ஊழியர் விலகினால் அவரது கணக்கை மட்டும் முடக்கினால் போதும்.

இதைச் செய்யாமல், ஓடிபி வந்ததும் முதலாளி அதைத் தொலைபேசியில் படித்துச் சொல்லும் பழக்கம் தொடர்ந்தால், இரண்டாவது பூட்டு போட்டதன் பயன் பெருமளவு இல்லாமல் போகிறது. ஓடிபியைப் பிறரிடம் சொல்லப் பழகியவரை ஏமாற்றுவது மோசடிக்காரருக்கு எளிது.

மலைப்பாதையில் சிக்னல்

இரட்டைப் பூட்டின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் வளைவுகளில் கைப்பேசிச் சிக்னல் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. பில்லின் காலம் முடியும் தறுவாயில் வண்டி பழுதாகி நின்றால், காலக்கெடுவுக்கு 8 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரை மட்டுமே நீட்டிப்பு கோர முடியும். நள்ளிரவில் ஓடிபி வராத ஒரு கைப்பேசியை நம்பி லட்சக்கணக்கான ரூபாய் சரக்கு சாலையோரம் நிற்க நேரிடலாம்.

குறுஞ்செய்தி தவிர, சந்தேஷ் செயலியிலும் ஓடிபி பெறலாம். என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்ட் என்ற செயலி, இணைய இணைப்பு இல்லாமலேயே கைப்பேசிக்குள் 30 வினாடிக்கு ஒருமுறை புதிய எண்ணை உருவாக்கித் தருகிறது. தளத்தின் நேரமும் கைப்பேசியின் நேரமும் ஒத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. குறுஞ்செய்தி எட்டாத இடங்களில் இதுவே கைகொடுக்கும். எனினும் தளத்துக்குள் நுழைய இணையம் தேவை என்பதால், மலைக்கு வெளியே அலுவலகத்தில் ஒரு துணைப் பயனர் பொறுப்பில் இருப்பதே உறுதியான ஏற்பாடு.

அரசு தரப்பின் பொறுப்பு

வணிகரிடம் ஒழுங்கைக் கோரும் அரசுத் தளங்கள், தம் பக்கத்திலும் அதே ஒழுங்கைக் காட்ட வேண்டும். இதே எல்லையில் 2021 ஆகஸ்ட் 5 முதல், கேரளத்திலிருந்து தமிழகம் வருவோரிடம் ஆர்டி-பிசிஆர் சான்று அல்லது இரு தவணைத் தடுப்பூசிச் சான்று கேட்கப்பட்டது. தடுப்பூசிச் சான்றுகளை வழங்கிய கோவின் தளத்தின் விவரங்கள் டெலிகிராமில் கிடைப்பதாக 2023 ஜூன் 12 அன்று செய்தி வெளியானது. மத்திய சுகாதார அமைச்சகம் அதை ஆதாரமற்றது என மறுத்தது. பயனாளி, அனுமதி பெற்ற தடுப்பூசிப் பணியாளர், அனுமதிக்கப்பட்ட பிற செயலிகள் என மூன்று வழிகளில் மட்டுமே தகவலை அணுக முடியும் என்றும் விளக்கியது.

மறுப்பு எதுவாயினும், அந்த விளக்கமே ஒரு பாடத்தைச் சொல்கிறது. மூன்று வழிகளில் பயனாளி தம் விவரத்தை மட்டுமே பார்க்கிறார். பணியாளரும் பிற செயலிகளும் பலருடைய விவரங்களைப் பார்க்க முடியும். ஆபத்தின் அளவு, நுழைவோரின் எண்ணிக்கையைக் காட்டிலும் ஒருவருக்கு எவ்வளவு தெரிய அனுமதிக்கப்படுகிறது என்பதையே பொறுத்தது.

2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள், குறியாக்கம், அணுகல் கட்டுப்பாடு, அணுகியோர் பதிவேடு ஆகியவற்றைக் கோருகின்றன. பதிவேடுகள் குறைந்தது ஓராண்டு காக்கப்பட வேண்டும். முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.

சாவடிகளின் பழைய குறை ஊரறிந்தது. 2025 ஜனவரியிலும் பாலக்காடு எல்லையின் மோட்டார் வாகனத் துறைச் சாவடிகளில் விஜிலென்ஸ் பிரிவு நடத்திய சோதனைகளில் கணக்கில் வராத பணம் பிடிபட்டது. கணினி முறை அந்தக் கைநீட்டலுக்கு இடம் குறைக்கிறது என்பதால்தான் வணிகர்கள் அதை வரவேற்றனர். ஆனால் சாவடி ஊழியர் கண்ணுக்குத் தெரிந்தவர். கடவுச்சொல்லைக் கைப்பற்றியவர் தெரியாதவர். ஆளுக்கொரு கணக்கு, வேலைக்கு வேண்டிய அளவே உரிமை, குறுகிய காலமே செல்லும் அனுமதி ஆகிய மூன்றையும் அரசும் வணிகரும் கடைப்பிடித்தால் மட்டுமே, சாவடி அகன்றதன் பலன் எல்லைப்புற வணிகருக்கு முழுமையாகக் கிடைக்கும்.