கூடாரம் அடிக்குமுன் அண்ணாந்து பாருங்கள்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் வீட்டில் பிள்ளைகளின் நச்சரிப்பு ஆரம்பமாகிவிடும். பத்து பெரிங்கி கடற்கரை அவர்களுக்குச் சலித்துவிட்டதாம். கூடாரம் போட்டு ஓர் இரவாவது வெளியில் தங்க வேண்டுமாம்! பினாங்குவாசிகளுக்கு அதற்கு வாகான இடம் அதிக தூரத்தில் இல்லை. வானம் தெளிந்த நாளில் வடக்கே நீலமாகத் தெரிகிறதே குனோங் ஜெராய், அதன் அடிவாரம்தான். சோழர் காலத்துக் கடாரம் என்று நாம் பெருமையோடு சொல்லும் பூஜாங் பள்ளத்தாக்கு அந்த மலைக்குத் தெற்கே இருக்கிறது. பாலத்தைக் கடந்து சுங்கை பட்டாணி வழியாகப் போய்விடலாம்.

நாங்களும் போனோம். இரண்டு பக்கமும் மலைச்சரிவு, நடுவே பாறைகளில் விழுந்து ஓடும் ஆறு, ஓரத்தில் வெள்ளை மணல்திட்டு. அங்கேயே கூடாரம் அடிக்கலாம் என்றேன். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் மாமனார் ஒப்பவில்லை.

"ஏம்மா, மணலு மெத்தை மாதிரி இருக்குன்னு ஆத்துக்குள்ளேயே போய்ப் படுப்பியா? இது ஆத்தோட இடம்மா!"

முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் மேட்டுக்குத் தூக்கினோம். மாலை நான்கு மணி இருக்கும். எங்கள் தலைக்கு மேலே வெயில். மலையுச்சியில் மட்டும் கருமேகம். திடீரென்று தெளிந்த தண்ணீர் தே தாரிக் நிறத்துக்கு மாறியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. மாமனார் போட்ட சத்தத்தில் பிள்ளைகள் குளியலை விட்டு மேலே ஓடி வந்தார்கள். சின்னவனை மட்டும் என் கணவர் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டியிருந்தது. அவர்கள் மேடேறி மூச்சு வாங்கக்கூட இல்லை, மணல்திட்டைக் காணோம்.

மலாய்க்காரர்கள் இதைத்தான் 'கெப்பாலா ஆயர்' என்கிறார்கள். ஜெராய் சுமார் 1,200 மீட்டர் உயரம். மேலே கொட்டும் மழை செங்குத்துச் சரிவில் இறங்கி ஒடுக்கமான ஆற்றில் ஒன்றுசேர்ந்து பாய்கிறது. சில நேரம் விழுந்த மரங்களும் சருகும் அணைபோல அடைத்துக்கொண்டு, பிறகு உடைத்துக்கொண்டு வரும். கீழே இருப்பவர்மேல் ஒரு துளி மழைகூட விழுந்திருக்காது. 2021 ஆகஸ்ட் 18 அன்று இதே மலையிலிருந்து வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வந்து, யான் வட்டாரத்தில் ஆறு உயிர்களைக் கொண்டுபோயிற்று.

மேடு என்றால் எந்த மேடும் ஆகாது. 2022 டிசம்பர் 16 விடியுமுன், சிலாங்கூர் பத்தாங் காலியில் முகாம் போட்டு உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் மண்சரிந்து 31 பேர் மாண்டார்கள். அதுவும் பள்ளி விடுமுறைக் காலந்தான். ஆகவே, ஆற்றைவிட்டு விலகியும் இருக்க வேண்டும். வெட்டிய சரிவின் காலடியிலும் படுக்கக்கூடாது.

வடபகுதியில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். ஜனவரி, பிப்ரவரி தேவலாம். போகுமுன் வானிலை அறிக்கையைக் கேளுங்கள். தண்ணீர் கலங்கினாலோ, மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலோ சாமானைத் தேடாதீர்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் மேடேறுங்கள். ஆற்றோடு கீழ்நோக்கி ஓடினால் வெள்ளம் முந்திக்கொள்ளும். அக்கரையில் மாட்டிக்கொண்டவர் தண்ணீர் வடியும்வரை அங்கேயே இருக்கட்டும். உதவிக்கு 999. ஆனால் பள்ளத்தாக்கில் பல இடங்களில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. ஊரில் ஒருவரிடம் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

அன்றிரவு மேட்டில் உட்கார்ந்து புளிச்சோறும் நெத்திலி சம்பலும் சாப்பிட்டோம். கழுவுவதற்காக ஆற்றோரம் வைத்திருந்த மாமியாரின் பெரிய அலுமினியச் சட்டி போனது போனதுதான். போன வாரங்கூட அதைப் பற்றி விசாரித்தார்.