ஒரு மொழியால் நாடு ஒன்றாகுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலைச் சங்கு ஊதும் நேரத்தில் நின்றால் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா எல்லாம் காதில் விழும். மொழி பல என்பதால் எந்த இயந்திரமும் நின்றுவிடவில்லை. ஆயினும் நாடு ஒன்றாயிருக்க மொழியும் ஒன்றாக வேண்டும் என்போர் இன்றும் உளர். அவர்கள் அண்டை நாட்டு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கட்டும்.

1948 மார்ச்சில் டாக்காவில் பேசிய ஜின்னா, பாகிஸ்தானின் ஆட்சிமொழி உருது மட்டுமே என்றார். அந்நாட்டு மக்களில் பாதிக்கு மேற்பட்டோரின் தாய்மொழியோ வங்காளம். 1952 பிப்ரவரி 21-இல் போராடிய மாணவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1956-இல் வங்காளமும் ஆட்சிமொழி ஆயிற்று. ஆனால் விழுந்த விரிசல் மூடவில்லை. 1971-இல் வங்காளதேசம் தனி நாடாயிற்று. பிரிவினைக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் சமயம் ஒன்றாயிருந்தும் மக்கள் ஒன்றாயிருக்கவில்லை என்பது கண்கூடு.

இது உருதுவின் குற்றமா? இல்லை, திணித்தவர்களின் குற்றம். உருது இந்த மண்ணில் பிறந்த மொழி. நம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் தமிழோடு அதுவும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பாத்தூர் நகராட்சிப் பெயர்ப்பலகையில் மராத்தியோடு உருதுவும் இருந்ததை எதிர்த்து வழக்காடினர். மொழி வேறு, மதம் வேறு என்று கூறி, 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. வாணியம்பாடியில் உருது பேசும் இசுலாமியர் உண்டு; தமிழையே தாய்மொழியாகக் கொண்ட இசுலாமியரும் தமிழகமெங்கும் உண்டு. இதைவிடச் சான்று வேண்டுமா?

இனி நம்மைப் பார்ப்போம். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி நம்மோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறியது, வீட்டில் பேசும் மொழி மாறவில்லை. என் பாட்டி பேசுவது தெலுங்கு. எனக்குப் பேச வரும். ஓர் எழுத்தும் படிக்க வராது. சூளூர்ப்பேட்டை உறவினர் அனுப்பிய கலியாணப் பத்திரிகையைப் பாட்டி என்னிடம் நீட்டி, "காலேஜ் படிக்கிறவன், படிச்சுச் சொல்லு" என்றார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி ஏறிய நான் தலைகுனிந்து நின்றேன்.

எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் கற்க வேண்டும் என்னும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமானதே. தமிழே எனக்குக் கல்வியும் வாழ்வும் தந்தது. ஆனால் தமிழோடு தம் தாய்மொழியையும் கற்க விரும்பும் உருது, தெலுங்குப் பிள்ளைகளுக்கு ஆசிரியரும் புத்தகமும் வேண்டும். அதில் பெறும் மதிப்பெண்ணுக்கு மதிப்பும் வேண்டும்.

1938-இலும் 1965-இலும் நாம் கேட்டது நீதி. அந்த நீதியை நம் எல்லைக்குள் வாழும் சிறு மொழியினருக்கும் வழங்கினால்தான் நாம் கேட்டதற்குப் பொருள் உண்டு.