ஆபத்துக்கு உதவும் பணம்

நள்ளிரவில் மார்வலி கண்ட பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கட்டச் சொல்லும் முன்பணமும், வேலை போன மாதத்தில் கொடுத்தே தீர வேண்டிய வீட்டு வாடகையும், திடீரென்று நேர்ந்த துக்கத்துக்குப் புறப்படும் பிரயாணச் செலவும் எந்தக் குடும்பத்துக்கும் சொல்லிவிட்டு வருவதில்லை. இத்தகைய சமயங்களுக்கென்று நான்கைந்து மாதச் செலவுக்குப் போதுமான தொகையைத் தனியே வைத்திருக்க வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் இராது. அதை எங்கே வைப்பது என்ற கேள்வி எழும்போதுதான், குடும்பஸ்தர்களில் ஒரு சாரார் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும் என்று பீரோவிலும் சேமிப்புக் கணக்கிலும் போட்டு வைத்து வருஷக்கணக்கில் வட்டியை இழக்கிறார்கள். மற்றொரு சாரார் வட்டியை விடக்கூடாது என்று எல்லாவற்றையும் சீட்டிலும் நீண்டகால வைப்பிலும் முடக்கிவிட்டு, ஆபத்து வந்த அன்று கடனுக்கு அலைகிறார்கள். இவ்விரு நஷ்டங்களும் தவிர்க்கக்கூடியவை என்பதும், தவிர்க்கும் உபாயம் சாதாரண வங்கிக் கிளைகளிலேயே இருந்தும் அது ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லப்படவில்லை என்பதுமே என் கருத்து.

அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் பெண்கள் சேர்த்து வைத்த சிறுவாட்டுப் பணம் எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மின்சாரமின்றித் தத்தளித்தபோது, ஏடிஎம்கள் செயலிழந்த பகுதிகளில் பாலும் குடிநீரும் வாங்கக் கைரொக்கமே உதவிற்று. ஆயினும், அடுத்த ஆண்டே நவம்பர் 8 இரவு, ஐநூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அதே சிறுவாட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு வங்கி வாசலில் வரிசையில் நின்ற தாய்மார்களின் சங்கடத்தையும் நாம் பார்த்தோம். ஆகவே ஒரு வாரச் செலவுக்கான ரொக்கம் வீட்டில் இருப்பது விவேகம். அதற்கு மேற்பட்டதைத் திருட்டுக்கும் விலைவாசி ஏற்றத்துக்கும் இரையாக விடுவதில் பிரயோஜனம் இல்லை.

சேமிப்புக் கணக்கு பத்திரமானதுதான். 2010 ஏப்ரல் முதல் வங்கிகள் அன்றாட இருப்புக்கு வட்டி கணக்கிடுவதால், முன்போல் பத்தாம் தேதி முதல் மாதக் கடைசி வரையுள்ள குறைந்தபட்ச இருப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதும் இல்லை. ஆனால் 2025இன் நடுப்பகுதியில் பாரத ஸ்டேட் வங்கி இந்தக் கணக்குக்கு நிர்ணயித்த வட்டி இரண்டரை சதவீதமே. லட்ச ரூபாய் ஒரு வருஷம் கிடந்தால் 2,500 ரூபாய் கிடைக்கும். அதே தொகைக்கு ஓராண்டு வைப்பில் 6 சதவீதம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 6,000 ரூபாய் வரும். இந்த 3,500 ரூபாய் வித்தியாசம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆனால் அதைக் காப்பாற்ற எண்ணி எல்லாப் பணத்தையும் எடுக்க முடியாத இடத்தில் முடக்கியவர், அவசரத்துக்கு மாதம் மூன்று வட்டிக்கு லட்ச ரூபாய் வாங்குவாரானால், ஒரு வருஷம் பொறுத்திருந்து ஈட்டிய அந்த அதிக வட்டி ஐந்தே வாரங்களில் கரைந்து போகிறது. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டமே செய்யப்பட்டது என்றாலும், இரவோடு இரவாகப் பணம் தேடுகிறவனுக்குச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க அவகாசம் ஏது?

இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள வழியைத்தான் வங்கிகள் ஆட்டோ ஸ்வீப் என்றும் ஃப்ளெக்ஸி டெபாசிட் என்றும் அழைக்கின்றன. சேமிப்புக் கணக்கில் குறிப்பிட்ட வரம்புக்கு மேல் சேரும் பணம் தானாகவே வைப்புத் தொகையாக மாறி, அதற்குரிய வட்டியைப் பெறத் தொடங்கும்; ஏடிஎம்மில் பணம் எடுத்தாலும் காசோலை வந்தாலும், கணக்கில் குறையும் தொகை மட்டும் வைப்பிலிருந்து திரும்பி வரும்; எஞ்சியது தன் வட்டியோடு தொடரும். முன்கூட்டி எடுக்கும் பகுதிக்கு அது இருந்த காலத்துக்கு உரிய வட்டியே கிடைக்கும் என்பதையும், அதிலும் அரை சதவீதமோ ஒரு சதவீதமோ சில வங்கிகள் பிடித்துக்கொள்ளும் என்பதையும், ஏழு நாள் நிறையாத தொகைக்கு வட்டியே இல்லை என்பதையும் முன்னரே அறிந்துகொள்வது நலம். கடைசியாகப் போட்ட வைப்பு முதலில் உடைக்கப்படுகிறதா, முதலில் போட்டதா என்பதையும் கேட்க வேண்டும். பழைய வைப்பு கலையாமல் நிற்பதே நமக்கு அனுகூலம். இந்த வசதி இல்லாத வங்கியில், லட்ச ரூபாயை ஒரே வைப்பாக இடாமல் இருபதினாயிரம் வீதம் ஐந்தாகப் பிரித்து இட்டால், தேவைக்கு ஒன்றை மட்டும் உடைத்துக்கொள்ளலாம்.

வட்டியைப் பற்றிப் பேசும்போது பத்திரத்தை மறந்துவிடக் கூடாது. 1906இல் மதராஸின் அர்பத்நாட் வங்கி திவாலானபோது அதை நம்பியிருந்த ஏராளமான குடும்பங்கள் நிர்க்கதியாயின. அந்த வேதனையிலிருந்துதான் மறு வருஷம் இந்தியன் வங்கி தோன்றிற்று. பிற்காலத்தில் அதிக வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்களில் மக்கள் ஏமாந்ததால், முதலீட்டாளர் நலன் காக்க 1997இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. வங்கி டெபாசிட்டுகளுக்கு 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில், அசலும் வட்டியும் சேர்த்து, 5 லட்ச ரூபாய் வரை காப்புறுதி உண்டு. ஆபத்துக்கென்று வைத்த பணம் இந்தப் பாதுகாப்பை விட்டு ஓரடியும் வெளியே போகலாகாது.

இவை எல்லாவற்றினும் பிரதானமாக நான் கருதுவது மற்றொன்று. ஆபத்துக்கு ஆளாகிறவர் பல சமயம் கணக்கு வைத்திருப்பவரே ஆவார். அவர் நினைவிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கையில், கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால், மனைவி கையில் ஒரு ரூபாயும் வராது. வாரிசு நியமனம் செய்யப்பட்டிருந்தாலும் அந்த உரிமை அவர் மரணத்துக்குப் பின்னரே பிறக்கும். இருவரில் எவரும் தனியே எடுக்கலாம் என்ற நிபந்தனையோடு தம்பதியர் கூட்டுக் கணக்காகத் திறந்து, இருவர் கையிலும் ஏடிஎம் அட்டையும், இருவர் மனத்திலும் கணக்கின் விவரமும் இருந்தால்தான் அந்தப் பணம் கைக்கெட்டும் பணம் ஆகும்.

கிளைக்குப் போகும் வாடிக்கையாளருக்கு இன்ஷூரன்ஸ் பாலிசியை விற்கக் காட்டும் சிரத்தையில் நாலில் ஒரு பங்கை வங்கிகள் இந்த ஆட்டோ ஸ்வீப் வசதியை விளக்குவதில் காட்டினாலும் போதும். கணக்குத் திறக்கும் விண்ணப்பத்திலேயே இவ்வசதி வேண்டுமா என்ற கேள்வியைத் தமிழில் அச்சிட வேண்டும். வரம்பு எவ்வளவு, முன்கூட்டி எடுத்தால் எவ்வளவு குறையும் என்பவற்றைக் கிளையின் சுவரில் எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். வரம்புத் தொகையையும் எளிய வருமானக்காரருக்கு எட்டும் அளவுக்குத் தாழ்த்த வேண்டும். ஏனெனில், கடன் வட்டியில் விழுந்தால் எழுந்திருக்க மாட்டாதவர் அவரே. வங்கிகள் அதைச் செய்யும் வரையில், வாடிக்கையாளர்களாகிய நாமே கேட்டுப் பெற வேண்டும். கேட்கிறவருக்கு மறுக்கும் உரிமை வங்கிகளுக்கு இருக்கலாகாது.